நாயின் பெயரால் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் காடையும் வாத்தும் சுடுகிற வேட்டைக்காரர்கள் சிலர், பல பருவங்கள் கூட ஓடிய நாய் செத்துப்போனதும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்துச் சீர்செய்து, அதன் எஃகு உடலில் அந்த நாயின் உருவத்தைச் செதுக்கச் சொல்கிறார்கள். துப்பாக்கியில் நாய் உருவம் புதிதல்ல. கனெக்டிகட்டின் மெரிடன் நகரில் இருந்த பார்க்கர் சகோதரர்கள் தங்கள் உயர்ரகத் துப்பாக்கிகளில் மோப்பம் பிடித்து நிற்கும் நாய்களைச் செதுக்கியே விற்றார்கள். அவை யாருடைய நாயும் அல்ல, வெறும் அலங்காரம். செதுக்கப்படுவது பெயருள்ள ஒரு நாய் என்றால் கேள்வி வேறாகிவிடுகிறது. கொல்லும் கருவியில் பதித்த உருவம் அந்த நாய்க்குச் செய்யும் மரியாதையா, உரிமையாளர் தன் துக்கத்துக்கும் பெருமைக்கும் வாங்கிக்கொள்ளும் நகையா?

செத்த நாய்க்கு எதுவும் தெரியப்போவதில்லை, ஆகவே இது வீண் என்பது பலரும் முதலில் சொல்வது. அப்படிப் பார்த்தால் மனிதருக்கு எழுப்பும் நினைவுச் சின்னங்களும் வீண்தான். நினைவுச் சின்னத்தின் நேர்மையை அது இருப்பவர்மீது எதைச் சுமத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்து இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டு நடுகல் இதற்கு நல்ல சான்று. சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரைச் சொல்லும் அதே கல்வெட்டு, அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்ற வேட்டை நாயையும் சொல்கிறது. காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோத, இரண்டும் மடிந்தன. கல்லை நட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. அதன் பூசைக்கு நிலம் விட்டார்கள். பூசகர் அதற்குப் பூசை செய்யாமல் உண்ணலாகாது என்றும் எழுதிவைத்தார்கள். அங்கே மரியாதை என்பது தினமும் செய்தாக வேண்டிய ஒரு கடமை. நாயோடு மோதிய பன்றியையும் அந்தக் கல் மறைக்கவில்லை.

வேட்டை நாயின் சிறப்பு எது என்று கேட்டால் இது இன்னும் தெளிவாகும். குண்டு பட்ட பறவையெல்லாம் உடனே சாவதில்லை. சிறகொடிந்து நாணலுக்குள் விழுந்தது அங்கேயே கிடந்து மெல்லச் சாகும். அதைத் தேடி எடுத்து வருவதுதான் நாயின் வேலை. 1959-இல் வெளியான அமெரிக்க வாத்து வேட்டை முத்திரையில் மேனார்ட் ரீஸ் வரைந்த கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார், வாயில் வாத்தைக் கவ்வியபடி இருக்கிறது. எடுத்துவரும் நாய்கள் வேட்டை விலங்குகளைக் காக்கின்றன என்பதே அந்த முத்திரையின் வாசகம். முத்திரை விற்ற பணம் நீர்நிலைகளைக் காக்கப் போகிறது. அந்த நாயின் உரிமையாளர் ஜான் ஓலின், வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனத்தையே கையில் வைத்திருந்தவர்; ஆனாலும் கிங் பக் பரவலாக நினைவுகூரப்படுவது ஒரு முத்திரையால்தான் என்பது தற்செயலாகவே இருக்கட்டும், யோசிக்க வைக்கிறது. வேட்டைக்காரன் குறி பிசகியதன் கொடுமையை நாய் ஓடி ஓடிக் குறைத்தது. அப்படியானால் துப்பாக்கியில் நாயைச் செதுக்குவது ஒரு கடன் பத்திரம் எழுதுவது போன்றது. தூரம் அதிகமானால் சுடாதிருப்பது, விழுந்ததைத் தேடாமல் அடுத்ததைக் குறிவைக்காதிருப்பது ஆகியவை அந்தக் கடனின் தவணைகள். இவற்றை ஏற்காதவர் கையில் அந்தச் செதுக்கல் வெறும் நகை. வேட்டையே கூடாது என்பவர்களை இந்த வாதம் மாற்றாது, மாற்றவும் வேண்டாம். அவர்கள் கேள்வி பெரியது. ஆனால் நாணலுக்குள் கிடக்கும் பறவைக்கு, தேடி வருபவனுக்கும் விட்டுப் போகிறவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதல்ல.

எனக்கு இதைவிடக் கனமாகத் தோன்றும் மறுப்பு நாயைப் பற்றியதே அல்ல, துப்பாக்கியைப் பற்றியது. பார்க்கர் நிறுவனம் 1934-இல் ரெமிங்டன் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. இருப்பது இனிப் பெருகாது. கடினமாக்கிய எஃகில் உளி இறங்காது என்பதால் செதுக்கும் முன் அதைக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு இளக்க வேண்டும். முடிந்தபின் எலும்புக் கரியோடும் மரக்கரியோடும் பெட்டியில் அடைத்துச் சூடேற்றி, நீரில் தோய்த்து மீண்டும் கடினமாக்க வேண்டும். எஃகின்மேல் இருந்த பழைய நீலமும் வைக்கோல் நிறமும் அந்தச் சூட்டில் போய்விடும். உடல் சற்றே கோணவும் கூடும். நூறாண்டுக்கு முன் ஒரு தொழிலாளி விட்டுச்சென்ற கைவேலையை ஒருவரின் துக்கத்துக்காக அழிக்கலாமா? பழைய நிறம் மாறாத அரிய துப்பாக்கி என்றால் கூடாது என்பதே என் முடிவு. அது வாங்கியவர் பெயரில் இருந்தாலும் அவருக்கு மட்டும் உரியதல்ல. பார்க்கரின் ட்ரோஜன் போன்ற அலங்காரமற்ற மலிவு ரகம், அதுவும் துருவேறி, கட்டை பிளந்து, ஏற்கெனவே யாரோ அரைகுறையாகச் சுரண்டியது என்றால் தடையில்லை. அங்கே செதுக்கல் எதையும் அழிப்பதில்லை. சேகரிப்பாளர் சந்தையில் பிற்காலச் செதுக்கல் பெரும்பாலும் விலையைக் குறைக்கும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்பவரின் அன்பில் கொஞ்சம் கூடுதலாக நம்பிக்கை வைக்கலாம். பல பழைய துப்பாக்கிகளின் அடிக்கட்டையில் முதலெழுத்துகள் பொறிக்க ஒரு சிறு உலோகத் தகடு பதித்திருக்கும். நாயின் பெயருக்கு அது போதும். நாளை கழற்றி மாற்றவும் முடியும்.

அந்தப் பணத்தை நாய்க் காப்பகத்துக்குக் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம்; இரண்டையும் செய்பவருக்கு இது மறுப்பாகாது. செலவு எங்கே போகிறது என்பதைவிட, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதே எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் 1991 முதல் நாடெங்கும் வாத்து வேட்டையில் ஈய ரவை தடை. குளத்தடியில் கிடக்கும் ஈயத்தை விழுங்கிப் பறவைகள் செத்தன. மாற்றாக வந்த எஃகு ரவை பழைய மென்குழல்களைக் கீறி வீங்க வைக்கும். பிஸ்மத் ரவை குழலுக்கும் பறவைக்கும் ஒத்துவரும், விலை மட்டும் அதிகம். செதுக்குபவருக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, தடை எட்டாத மேட்டு நிலத்துக் காடை வேட்டையில் மலிவு என்று ஈயத்தையே போடுகிறவர், நாய்க்குச் செய்ததாகச் சொல்லும் மரியாதையைப் பாதியில் நிறுத்தியவர்.