தோளில் இருந்த கை

விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டூடியோக்காரனுக்கு போன் வந்தால் விஷயம் ஒன்றுதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் பேசினான். "அண்ணா, அம்மா தவறிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துல நீங்க எடுத்தீங்களே, அதுல அம்மா மட்டும் தனியா வருமா?" எட்டு மணிக்குள் பேனர் அடிக்கிற கடைக்குப் படம் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கல்யாணத்தில் ஆயிரத்து நானூறு படங்களுக்கு மேல் எடுத்திருந்தேன். பெண்ணின் அம்மா எல்லா இடத்திலும் இருந்தார். தனியாக ஒன்றில்கூட இல்லை. ஒரு படத்தில் சீர்த்தட்டு பாதி முகத்தை மறைத்தது. இன்னொன்றில் மகளின் கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்திருந்தார், வகிடு மட்டும் தெரிந்தது. கடைசியில் மேடைக் குடும்பப் படம் ஒன்று கிடைத்தது. கண் திறந்திருந்தது, லேசான சிரிப்பும் இருந்தது. ஆனால் இடது தோளில் ஒரு கை. மருதாணியும் வளையலுமாக மணப்பெண்ணின் கை.

அதை எடுத்தால்தான் அம்மா தனியாவார். அரக்குப் பட்டின் வேறு இடத்திலிருந்து துணியை எடுத்து, மடிப்புக்கு மடிப்பு பொருத்தி, விரல் விரலாக அழித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. கை போன பிறகும், அது அழுத்தியிருந்த இடத்தில் பட்டு சற்றே உள்வாங்கியிருந்தது. அதையும் நிரவியிருக்கலாம். மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். இன்று அந்த வீட்டுக் கூடத்தில், சிவப்பு விளக்குக்குக் கீழே, அந்தப் பள்ளத்தோடுதான் அவர் இருக்கிறார்.

அவர் முப்பது வருஷம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளியவர். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருந்து, இரண்டும் நெசவிலேயே பிணைய வேண்டும் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தே தீர வேண்டும். சேலை கடைக்குப் போகும்போது அந்த இன்னொருவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் ஆயிரத்து நானூறு படங்களிலும் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன் என்பது அந்த விடிகாலையில் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. குடும்பப் படம் எடுத்து முடித்ததும், வீட்டில் மூத்தவரிடம் "விளக்கு சரியா இருக்கான்னு பார்க்கணும், ரெண்டு நிமிஷம் தனியா உட்காருங்க" என்பேன். விளக்கில் ஒன்றும் இருக்காது. அந்தப் படத்தை வீட்டுப் பெயர் போட்டுத் தனியே சேமித்து வைப்பேன். இதுவரை பதினொரு வீட்டுக்கு அது உதவியிருக்கிறது. கேட்டவுடன் கொடுக்க முடிந்தது.

ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு மாலையும் கழுத்துமாக வந்து நிற்கிறவரை அந்த நினைப்போடு பார்க்கலாமா? என் மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது, "உயிரோட இருக்கறவங்கள இப்படிப் பார்க்க உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு முன்னால் படம் எடுத்த அப்பாவிடம் இருந்தது யாஷிகா இரட்டை லென்ஸ் காமிரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மேலே இருக்கும் கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும். அதைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் அப்பா தலை குனிந்துதான் நின்றார். அந்தக் காலத்தில் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட கிழவிகள் உண்டு. மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். நாம் போன பிறகும் படம் இருக்கும் என்பதைக் காமிராவைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியது. அந்த மாதிரிப் படங்களை எங்கே கண்டாலும் நான் நின்றுவிடுவேன். கணவர் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றபடி, ஒரு கை நாற்காலி முதுகில். அந்தப் பெண்ணை மட்டும் யாராவது தனியே உட்காரச் சொல்லியிருப்பார்களா என்றுதான் முதலில் யோசிப்பேன்.

2019இல், எங்கள் ஊர்க் கோயில் குளத்துக்குள் இருக்கும் பெருமாள், அத்தி வரதர், வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அனந்தசரஸ் குளத்திலிருந்து அதற்கு முன் வெளியே வந்தது 1979இல். இனி 2059. அந்த நாட்களில் ஊரே வயசைக் கூட்டிப் பார்த்தது. டீக்கடையிலும் அதே பேச்சு: அடுத்த தடவை யார் இருப்போம்?

கூட்டத்தில் நசுங்கி தரிசனம் முடித்த ஒரு குடும்பம், மூன்று தலைமுறையாக, சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வந்தது. ஆறு வயசுப் பேரன் தலையில் கை வைத்து, "அடுத்த வாட்டி இவன்தான் வருவான்" என்றார் பாட்டி. சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோரையும் எடுத்த பிறகு வழக்கம்போல் விளக்குக் கதையை ஆரம்பித்தேன்.

"விளக்கெல்லாம் நல்லாத்தான் எரியுது தம்பி. மாட்டி வைக்கிற படம்தானே? சொல்லிட்டு எடு" என்றார். மகன் பதறி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாட்டி அதைக் காதில் வாங்கவில்லை. மூக்குத்தி நேராக இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், யோசித்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "கண்ணாடி இல்லன்னா இந்தப் பசங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது."

எனக்கு முகம் சுட்டது. நான் பரிவு என்று நினைத்துச் செய்ததில், கண்ணாடி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமையை எத்தனை பேரிடமிருந்து பறித்திருக்கிறேன்!

அதிலிருந்து விளக்கைச் சொல்வதில்லை. "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி, உங்களை மட்டும் ஒரு படம் எடுக்கறேன்" என்பேன். ஏன் என்று கேட்டால் ஏன் என்று சொல்வேன். ஒரு நெசவாளர் தறியில்தான் எடுக்க வேண்டும் என்றார். வீட்டுக்கே போனேன். கால்கள் குழிக்குள் மிதிமேல், இடுப்புக்கு மேலேதான் ஆள். "இதுதான் நான்" என்றார். ஒரு அம்மா வீட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பெரியவர் விருட்டென்று எழுந்து போய்விட்டார். அவர் மகன் வாசலில் என்னைத் திட்டினார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. திரும்பப் பேசவில்லை.

என் அம்மாவுக்கு 74. அப்பா கழுவிப் போட்ட பிரிண்ட்டுகளை வருஷக்கணக்காக உலர்த்தி, ஓரம் வெட்டி, கவரில் போட்டவர். சாயங்காலம் ஸ்டூடியோ வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டுவார். ஐந்தரை மணிக்கு எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெயில் அவர் முகத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அதைவிட நல்ல வெளிச்சம் என் கடைக்குள் எந்த விளக்கிலும் இல்லை. மற்றவர்களிடம் சொல்கிற அதே வார்த்தையை அவரிடம் சொல்ல இரண்டு தடவை காமிராவோடு வாசல் வரை போனேன். இரண்டு தடவையும், "என்னப்பா, பூ வேணுமா?" என்று நிமிர்ந்து கேட்டார். ஆமாம் என்று சொல்லி, சாமி படத்துக்கு ஒரு முழம் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.