பார்வைப் பறவை

ஓருயிர் மற்றோருயிரைக் கொல்லுதல் தகுமோ, தகாதோ என்பது பழைய வழக்கு. அவ்வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. கொலைக்கு முன்னே நிகழும் ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகின்றோம். ஓரினத்தின் உருவையும் குரலையும் கொண்டே அவ்வினத்தைக் கண்ணிக்குள் அழைப்பது எத்தகைய செயல்? அதற்குத் தன் உருவையும் குரலையும் கொடுப்பவனுடைய பொறுப்பு எவ்வளவு?

வட அமெரிக்காவில் காட்டு வாத்து வேட்டையாடுவோர், பொழுது புலருமுன் சதுப்பு நிலத்துக்குச் சென்று, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த பொய் வாத்துகளை நீரில் மிதக்கவிடுவர். மனம்போனபடி அவற்றை வீசிவிடுவதில்லை. வாத்துகள் காற்றை எதிர்கொண்டே இறங்கும் இயல்புடையவை. ஆதலின் பொய் வாத்துகளைக் குதிரை லாடம்போல் வளைத்து நிறுத்தி, அதன் திறந்த வாய் காற்றுப் போகும் பக்கம் நோக்குமாறு, நடுவே சிறிது நீர்ப்பரப்பை வெறுமையாக விட்டுவைப்பர். சில வாத்துகள் மேய்வனபோல் தலை தாழ்ந்திருக்கும். சில துயில்வனபோல் கழுத்தை மடக்கியிருக்கும். கழுத்தை நீட்டித் தலை நிமிர்ந்து நோக்கும் வாத்துகளை மட்டும் மிகுதியாக வைக்கமாட்டார்கள். ஏனெனில், நிமிர்ந்த தலை அச்சத்தின் அடையாளம்; வானில் வரும் கூட்டம் அதைக் கண்டால் விலகிப் போய்விடும்.

ஆகவே அங்கே பரப்பப்படுவது வெறும் மரமன்று; அமைதியே பரப்பப்படுகிறது. 'இங்கே இரையுண்டு, பகையில்லை, உனக்கும் ஓரிடம் இருக்கிறது' என்னும் செய்தி அந்நீரின்மேல் எழுதப்படுகிறது. துப்பாக்கியின் குறியோ அந்த ஓரிடத்தின்மேல்தான் இருக்கிறது.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லவ்லாக் குகையில், 1924ஆம் ஆண்டில், கோரையைக் கட்டிச் செய்த 11 பொய் வாத்துகளை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தனர். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுப் பழங்குடி மக்கள் செய்தவை அவை. தன் குடும்பத்தின் பசிக்கு உணவு தேடியவனுடைய தந்திரம் அது. பிற்காலத்தில் துப்பாக்கியும் சந்தையும் சேர்ந்தபோது, உயிருள்ள வாத்துகளையே காலிற் கயிறிட்டு நீரில் விட்டு, அவை கூவும் குரலால் வான்வழிச் செல்லும் கூட்டத்தைக் கீழிறக்கினர். நீர்ப்பறவை குறைந்து வரக்கண்ட அமெரிக்க அரசாங்கம், 1935ஆம் ஆண்டில் உயிருள்ள வாத்தைக் கொண்டு ஈர்ப்பதைத் தடுத்துவிட்டது. மர வாத்தைத் தடுக்கவில்லை. உயிருள்ள குரலின் அழைப்பு அத்துணை வலிது!

கடல் கடந்து போக வேண்டியதில்லை. காட்டுக்கோழியையும் பிற பறவைகளையும் பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கும் பறவையை நம் அயலாராகிய மலாய்க்காரர் 'டெனாக்' என்பர். நம் முன்னோர் அத்தகைய விலங்கையும் புள்ளையும் 'பார்வை' என்றே வழங்கினர். புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் என்னும் புலவர் ஒரு வேட்டுவன் மனையைக் காட்டுகிறார். வேட்டுவன் துயில்கிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பெண்மானோடு ஒற்றைக் கலைமான் ஒன்று கூடி இன்புறுகிறது. மனைவி அதனைக் காண்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் கணவன் எழுவான். அவளோ, அவன் எழுந்துவிடுவானோ, கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, வீட்டினுள் நடமாடாமல் இருந்துவிடுகிறாள். அந்த அமைதியில், மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் கவர்ந்து தின்கின்றன.

அவள் கொல்லாமை நோன்பு பூண்டவளல்லள்; வேட்டையே அவள் குடும்பத்தின் சோறு. ஆயினும், பொய்யாகக் கட்டிவைத்த இடத்தில் மெய்யான அன்பு ஒன்று நேர்ந்துவிட்டதைக் கண்டபின், அதனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இந்நூற்றாண்டின் நீதி நூல் எதனினும் இந்தத் தயக்கம் பெரிதென்று நாம் எண்ணுகின்றோம்.

வலையும் வஞ்சம், பார்வையும் வஞ்சமாயின், இரண்டுக்கும் வேற்றுமை யாது? வலை ஓர் உயிரின் அறியாமையைப் பயன்படுத்துகிறது. பார்வையோ அதன் அறிவைப் பயன்படுத்துகிறது. தன் இனம் மேயும் இடத்தில் பகையிராது என்பது வாத்து பெற்றிருக்கும் நல்லறிவு. அவ்வறிவினால்தான் அவ்வினம் இத்துணைக் காலம் பிழைத்திருக்கிறது. அதையே தூண்டிலாக்கும்போது ஒரு வாத்து மட்டும் சாகவில்லை. ஒன்றையொன்று நம்பும் வழியே நஞ்சாகிறது.

ஆயின், அழைப்பெல்லாம் வஞ்சமாகுமோ? ஆகாது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் பலவற்றின் மேல்மாடிகள் ஒரு காலத்தில் உழவாரக் குருவிகளுக்கு விடப்பட்டிருந்தன. குருவியின் குரலைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கியில் ஓயாது ஒலிக்கச் செய்து, பறவைகளை உள்ளே வரவழைத்தனர். அவை உமிழ்நீராற் கட்டும் கூடு நல்ல விலை பெறும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபின், மரபுரிமை எல்லைக்குள் இருந்த குருவி வீடுகளை அகற்ற 2013ஆம் ஆண்டின் முடிவு கெடுவாக வைக்கப்பட்டது. அவ்வீடுகளிலும் அழைத்தது பொய்க் குரலே. ஆனால், 'இங்கே இடமுண்டு' என்று அது சொன்னது பொய்யன்று. கூடு கட்ட இடமிருந்தது. குஞ்சு பறந்தபின் கூட்டை எடுப்பவன் அழைத்த சொல்லை ஒருவாறு காக்கின்றான். முட்டையையும் குஞ்சையும் எறிந்துவிட்டுக் கூட்டைக் கவர்பவன் அச்சொல்லைக் கொன்றுவிடுகின்றான். ஆகவே, அழைக்கும் குரல் யாருடையது என்பதைவிட, அழைக்கப்பட்டவன் வந்து சேர்ந்தபின் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதே சரியான உரைகல்.

இவ்வுரைகல்லில் நம் சொந்த வரலாற்றை உரைத்துப் பார்ப்போம். 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆள் சேர்க்கும் பொறுப்புப் பெரும்பாலும் கங்காணியின் கைக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்த தமிழன் ஒருவனுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்து அவன் பிறந்த ஊருக்கே அனுப்பினர். ஏன் அவனை? வெள்ளைக்காரத் துரை ஊருக்குள் வந்து அழைத்தால் யாரும் எழுந்திரார். மாமன் என்றும் மச்சான் என்றும் முறை சொல்லி ஒருவன் வந்தால், அவன் உடுத்திய வேட்டியைப் பார்த்தே பத்துப்பேர் புறப்படுவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் பாட்டன்மார் பலர் அக்குரலை நம்பி வந்தவர்களே. கங்காணிகள் யாவரும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. தாம் சொன்னதைத் தாமே நம்பியவரும் உண்டு. பஞ்சத்திலிருந்து உறவினரைக் காத்தவரும் உண்டு. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இவ்வகை ஆள் சேர்ப்பைத் தடுத்து நிறுத்தியது.

தடுத்தும் முறை ஒழிந்ததோ? 2022ஆம் ஆண்டில் கம்போடியாவிலும் மியன்மாரிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட மலேசியரும் தமிழ்நாட்டு இளைஞரும் மீட்கப்பட்டனர். நல்ல சம்பளம் என்னும் சொல்லே அவர்களை இழுத்தது. அடைபட்டவனையே வேறு ஆட்களைப் பிடித்துத் தரச் சொல்வது அக்கூடங்களின் வழக்கம். காலிற் கயிறிட்ட வாத்துக்கும் அவனுக்கும் வேற்றுமை ஒன்றே: வாத்துக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

பிறர் குற்றம் பேசியது போதும். நாம் கணக்கெழுதிய தோட்டமொன்று மனைகளாக மாறவிருந்தது. லயத்தைக் காலி செய்ய இசைவதாக ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. துரை நம்மை அழைத்து, "நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், மேசைக்குப் பக்கத்தில் இருந்தாற் போதும். உங்களைக் கண்டால் அவர்கள் பயப்படமாட்டார்கள்" என்றார். இருந்தோம். ஒரு பொய்யும் உரைக்கவில்லை. மர வாத்தும் உரைப்பதில்லையன்றோ? பதினொரு குடும்பத்தார் நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாவதாக வந்தவர், பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த ஒரு பாட்டி. பேனாவை வாங்கியவர் நம்மை நோக்கி, "கிராணியாரே, நீங்க படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

படித்திருந்தோம். மாற்று வீடு பற்றி அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை என்பதும் அறிந்திருந்தோம். பாட்டியின் கேள்விக்கு இல்லையென்று சொல்ல நாவெழவில்லை. ஆமென்று சொல்லிவிட்டு வாளா இருக்கவும் இயலவில்லை. தாளைக் கையிலெடுத்து, முதல் வரி தொடங்கி முடிவுவரை தமிழிற் சொன்னோம். வரிசை கலைந்தது. அன்று மாலை துரையின் அறையில் நாம் கேட்ட மொழிகளை இங்கு எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியது இதுவே: பாட்டி கேட்டபின் பேசினோம், கேளாமுன் பேசவில்லை. அந்தப் பதினொரு கையெழுத்தும் நம் முகத்தால் வாங்கப்பட்டவை. பின்னர்ப் பேசியதனால் அவை அழியவில்லை.

மர வாத்தின்மேல் குற்றமில்லை. கயிற்றில் கட்டுண்ட பறவையின்மேலும் குற்றமில்லை. மனிதன் ஒருவனே தான் பார்வையாக வைக்கப்பட்டிருப்பதை அறியக்கூடியவன். ஆகவே அவன் ஒருவனே அதற்குப் பொறுப்பாளி. கணக்கப்பிள்ளை, ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர், கோயில் நிர்வாகி, தேர்தல் மேடைப் பேச்சாளர் என்று நம்மவர் பலர், 'உங்களைக் கண்டால் அவர்கள் பயப்படமாட்டார்கள்' என்பதற்காகவே மேசைக்குப் பக்கத்தில் அமர்த்தப்படுகின்றோம். அமரும்போது ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் முகத்தை நம்பி இறங்குபவனுக்கு இங்கே இடமுண்டா, குறியுண்டா?

குறியென்று தெரிந்தால் பெரும்போர் தொடுக்க வேண்டுமென்பதில்லை. வேட்டைக்காரன் தன் பரப்பில் எதை வைக்க அஞ்சுகிறான் என்பதை நினைத்தாற் போதும். கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தாலும் வானத்தில் வருபவை விலகிப் பிழைத்துப் போகும்.