பட்டாவை எடு, ரைன் கரைக்குப் புறப்படு

1896 ஆகஸ்ட் 29. மதுரை ரயில் நிலையத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுக்கிறான். விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் இருந்தது மூன்று ரூபாய். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவன் அவன். திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அவனுக்குச் சொன்னது ஒரு பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பது அந்த அட்லஸுக்குத் தெரியாது. வண்டியில் கூட வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் பையனுக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினான். மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அதற்கு மேல் கொஞ்ச தூரம் நடை. வழியில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1-ஆம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டான்.

திருச்சுழிக்காரர்களுக்கு ஆள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. 1879-இல் திருமேனிநாதர் கோயில் பக்கத்து வீட்டில் பிறந்த வெங்கடராமன். உலகம் அவரை ரமண மகரிஷி என்கிறது. ஞானத்தைப் பற்றிப் பேசுகிற தகுதி எனக்கில்லை. நான் பேசுவது டிக்கெட்டைப் பற்றி. படம் தப்பு, காசு பத்தவில்லை, பாதை தெரியாது. ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போனான் அந்தப் பையன்.

நீ எங்கே போனாய்?

உன் கையில் இருக்கிற போனில் உலகத்து ரயில் அத்தனைக்கும் டைம்டேபிள் இருக்கிறது. ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில், கொலோன் நகரத்துத் தெருவில் எந்த ஓட்டலில் என்ன விலை என்பதை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். பார்க்கவும் செய்கிறாய். பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறாய். கேட்டால் ஒரே பதில்: “நமக்கெதுக்குப்பா அதெல்லாம்? அது வசதியானவங்க சமாச்சாரம்.”

யார் சொன்னது உனக்கு? கரிசல்காட்டில் பிறந்தவன் கரிசலைத் தாண்டக் கூடாது என்று எந்தச் செப்பேட்டில் எழுதியிருக்கிறது? அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கும் தேவாங்கர் வீடுகளில் இன்றைக்கும் அடுப்படியில் கன்னடம் கேட்கிறது. துங்கபத்திரைப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். மழை பொய்த்த வருஷங்களில் நம் சீமையிலிருந்து பர்மாவுக்கும் கொழும்புக்கும் கப்பலேறியவர்கள் எத்தனை பேர்! பக்கத்து விருதுநகரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட காமராசர் 1966-இல் சோவியத் நாட்டையும் கிழக்கு ஐரோப்பாவையும் சுற்றி வந்தார். பயணம் நம் ரத்தத்தில் இருக்கிறது. கூச்சம்தான் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எறி.

கொலோனை ஏன் சொல்கிறேன்? ரயிலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தால், முட்டுகிற மாதிரி எதிரே நிற்கிறது 157 மீட்டர் உயரக் கோபுரங்களோடு ஒரு பேராலயம். 1248-இல் கல் வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் காசும் ஆர்வமும் வற்றி வேலை நின்றது. பாதிக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. ஆனால் பழைய கொத்தர்கள் தோலில் வரைந்து வைத்த முகப்புப் படம் அழியவில்லை. 1814-இல் அதன் ஒரு பாதி டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து மறுபாதி பாரீசில் கிடைத்தது. அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கட்டி, 1880-இல் முடித்தார்கள். 632 வருஷம்! வரைந்தவன் யாரும் முடிந்ததைப் பார்க்கவில்லை. உன்னை அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லவில்லை. மூன்று வருஷம் போதும். ஆனால் கையில் முதலில் ஒரு படம் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில், தேதி போட்டு, கணக்குப் போட்டு.

அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் உண்டு. தமிழ்ப் புத்தகங்கள் நிறைந்த நூலகம் உண்டு. காசில்லாமல் அந்தத் துறை மூடப்படும் நிலை வந்தபோது, 2021-இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் கொடுத்தது. உன் வரிப்பணம் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது, தம்பி! கொலோனிலிருந்து ரயிலேறினால் ஹம் என்ற ஊர். அங்கே இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேரோடும். தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கால்வாயில் இறங்குகிறார்கள். போரில் வீடிழந்து, மொழி தெரியாத குளிர் நாட்டில் அகதியாக இறங்கியவர்கள் கட்டிய கோபுரம் அது. சொந்த வீட்டில், சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘முடியாது’ என்று சொல்ல உனக்கு வாய் வருமா?

வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சிமாருக்கும் ஒரு சேதி. உலகத்தின் பெரிய உணவுப்பொருள் சந்தைகளில் ஒன்றான அனுகா, ஒற்றைப்படை வருஷங்களில் அக்டோபரில் கொலோனில்தான் கூடுகிறது. பருப்பும் வத்தலும் மல்லியும் கையாளுகிற நம் மாவட்டத்துக்காரர் பார்க்க வேண்டிய இடம். தறிக்காரருக்கு மைன் நதிக்கரைப் பிராங்க்பர்ட்டில் ஜனவரி தோறும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி. கரூர்க்காரர்கள் பெட்சீட்டையும் மேசைவிரிப்பையும் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் போய் ஆர்டர் பிடிக்கிறார்கள். சுற்றிப்பார்க்க மட்டும் போகிறவர்கள் இந்தச் சந்தை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும்.

இனி விசாவுக்கு வருகிறேன். எல்லோரும் தொடை நடுங்குகிற இடம் இதுதான்.

சென்னையில் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிற விசா மையத்தில் கட்டுக்கட்டாகக் காகிதம் கேட்பார்கள். அத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்வி: ‘திரும்பி வருவாயா?’ திருச்சுழிப் பையனை யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பான். அவன் திரும்புகிற எண்ணத்தில் கிளம்பவில்லை. 1950-இல் உடல் சாயும் வரை அந்த மலையடியை விட்டு வரவும் இல்லை. நீ திரும்பப் போகிறவன். அதை நிரூபிக்க உன்னிடம் என்ன இருக்கிறது?

எதைச் சொல்ல நீ வெட்கப்படுகிறாயோ அது இருக்கிறது! இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டின் பட்டா. இ-சேவை மையத்தில் எடுத்த சிட்டாவும் அடங்கலும். அப்பா பெயரில் உள்ள வீட்டு வரி ரசீது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து பாஸ்புத்தகம். மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தால் பூ மார்க்கெட் கமிஷன் கடைச் சீட்டுகள். மில்லில் வேலையென்றால் சம்பளச் சீட்டும், லீவு கொடுத்து மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்று நிர்வாகம் எழுதித் தருகிற கடிதமும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சான்றிதழ். ‘இந்தப் பட்டிக்காட்டிலிருந்து எங்கே வெளிநாடு போக’ என்று புலம்புகிறாயே, அந்தப் பட்டிக்காடுதான் உனக்குச் சாட்சி சொல்கிறது. வேர் உள்ளவனைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். இந்தக் காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வரிசையாக அடுக்கு. மேலே ஒரு கடிதம் வை: யார் நான், ஏன் போகிறேன், எத்தனை நாள், யார் செலவு, ஏன் திரும்புவேன். சொந்த வார்த்தையில், ஒரே பக்கம்.

மற்றவை கணக்குத்தான். குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத் திரும்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாத ஆயுளாவது இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கித் தொலைக்காதே. முன்பதிவு காட்டினால் போதும். மறுத்துவிட்டால் கட்டணம் போனது போனதுதான். ஆனால் ஏன் மறுத்தார்கள் என்று தாளில் குறித்துத் தருவார்கள். அந்த ஓட்டையை அடைத்துவிட்டு மறுபடி போடு. எத்தனை போகம் கருகிய பிறகும் விதைப் பெட்டியைத் தூக்கியவன் நீ, ஒரு தாளுக்கா துவண்டு போவாய்?

ஒரு சின்ன விஷயம் பெரிய விஷயங்களைக் கவிழ்த்துவிடும்: இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ‘எம்’, பேங்க் புத்தகத்தில் முன்னால் ‘எம்’, பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக, பிறந்த தேதி இன்னொரு மாதிரி. இந்தக் குளறுபடியோடு போய் நிற்காதே. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போடு. காலியாக விட்டவர்கள் விமான டிக்கெட் எடுக்கிறபோது படுகிற பாட்டைப் பார்த்தால் புரியும். பாஸ்போர்ட்டில் எப்படியோ, ஒரு எழுத்துப் பிசகாமல் டிக்கெட்டிலும் அப்படியே.

இங்கே கொஞ்சம் குரலை உயர்த்துகிறேன். “விசிட் விசாவில் போய்விடலாம், அங்கே வேலை பிடித்துத் தருகிறேன், ஆறு லட்சம் கொடு” என்று ஒருவன் வருவான். வாசலிலேயே திருப்பி அனுப்பு. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடித்தால் நாடு கடத்துவார்கள், திரும்ப நுழைய முடியாமல் தடையும் போடுவார்கள். “அக்கவுண்டில் பத்து நாளைக்குப் பணம் போட்டுக் காட்டுகிறேன்” என்கிறவனும் அதே ரகம்தான். திடீரென்று வந்து விழுந்த பணம் ஸ்டேட்மென்ட்டில் அப்படியே பல்லிளிக்கும். தாலிச் செயினை அடகு வைத்து ஊர் பார்க்கிற கூத்தும் வேண்டாம். நீயே படித்து, நீயே நிரப்பி, நீயே நேரில் போய் நில். ஏஜென்டுக்குக் கொடுக்கிற கமிஷனில் ரைன் நதியில் படகே ஏறலாம்.

பணத்துக்கு என்ன வழி? மாதம் 5,000 ரூபாய் வீதம் 36 மாதம் ஒதுக்கினால் 1,80,000. கூட்டமில்லாத மாதத்தில், விடுதியில் பகிர்ந்து தங்கி, காலைச் சாப்பாட்டைக் கடையில் வாங்கித் தின்று ஒரு ஆள் பத்து நாள் போய்வர இந்த அளவில் திட்டம் போடலாம். மாசம் ஐயாயிரம் எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாதவர் ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளட்டும். முடிந்தும் செய்யாதவரிடம்தான் எனக்குச் சண்டை. மழை வருமா என்று தெரியாமலே புரட்டாசியில் குதிரைவாலியும் உளுந்தும் எவ்வளவு விதைப்பது, எதை அடுத்த வருஷ விதைக்கு நிறுத்துவது என்று உன் பாட்டன் போட்ட கணக்கைவிடக் கஷ்டமான கணக்கா இது? விமானம் சொன்ன நாளில் கிளம்பும். குண்டாற்றுத் தண்ணீர் எந்த நாளும் அப்படி வந்ததில்லை.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். நூல் மில்லில் ஷிப்டு பார்த்தும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியும் சேர்த்த பணத்தில் ஊர் பார்க்க உனக்கும் உரிமை உண்டு. “யாரோட போற?” என்று கேட்பார்கள். “என் பாஸ்போர்ட்டோட” என்று சொல். அருப்புக்கோட்டையில் சிலம்பு எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானம். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் கொலோன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வைத்துக்கொள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று நம்பிப் போனால் ஏமாறுவாய்; அங்கேயும் வண்டி லேட்டாக வருகிறது. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. அவர்களில் பலருக்கும் அது தட்டுத்தடுமாறுகிற மொழிதான்.

படித்தது போதும். இன்று ராத்திரி ஆதார், பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம் மூன்றையும் எடுத்து வைத்துப் பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார். ஒத்துப்போகாவிட்டால் இந்த வாரமே திருத்தக் கொடு. ஒத்துப்போனால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தைப் போடு. பத்து வருஷம் செல்லுகிற 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.