எதில் வந்தாய் என்னும் வினா

மனிதன் சுற்றஞ் சூழ வாழ்பவன். அவ்வாறு வாழ்வதனால் அவன் பெறும் நன்மைகள் பல. அவற்றுக்குக் கொடுக்கும் விலையும் ஒன்றுண்டு. தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தான் ஒருவனே உரிமையாளனாக இருக்க இயலாமையே அவ்விலை. இதனைத் திருமணம், சீதனம், காணிப் பங்கீடு முதலாய பெரிய காரியங்களைக் கொண்டு விளக்குதல் எளிது. நான் எடுத்துக்கொள்வதோ மிகச் சிறியதொரு காரியம். கொழும்பிற் பயிலும் மாணவி ஒருத்தி விடுமுறைக்குத் திருகோணமலை திரும்புகிறாள். எந்த வண்டியில், எந்த வகுப்பில், யாரோடு வந்தாள் என்பதை அறியும் உரிமை அவளுடைய உறவினருக்கு உண்டா? அவர்கள் கேட்குமிடத்து உள்ளதை உள்ளவாறு கூறும் கடமை அவளுக்கு உண்டா?

திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927ஆம் ஆண்டில். மாகோவிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பாதையினின்றும் கல் ஓயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக எமது துறைமுகப் பட்டினத்தை அது வந்தடைகிறது. எங்கள் வீட்டு முதியோர் அதனைக் கோச்சி என்றே சொல்வர். இந்தக் கோச்சியின் வகுப்புகளைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. மூன்றாம் வகுப்பில் வந்தவன்மீது இரக்கம். முதலாம் வகுப்பில் வந்தவன்மீது ஐயம். இரண்டாம் வகுப்பில் வந்தவனைப் பற்றி மட்டுந்தான் எவரும் அதிகம் பேசுவதில்லை.

என் தமையன் விடுமுறையில் வரும்போதும் "எதில வந்தனீ?" என்றுதான் கேட்பார்கள். அது ஒரு முகமன். அவன் விடை சொல்லி முடிக்குமுன்னர் தேநீர் வந்துவிடும். என்னிடம் அதே வினா எழும்போது அதன் பின்னால் ஒரு வரிசை நிற்கும். ஆரோட வந்தனீ? பக்கத்தில ஆர் இருந்தது? டிக்கெட் எவ்வளவு? பகலில கோச்சி இல்லையோ? முகமனுக்கும் விசாரணைக்கும் சொற்களில் வேறுபாடில்லை. கேட்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதில்தான் வேறுபாடு. இதனைப் பெண்ணுரிமை பற்றிய வேறொரு கட்டுரைக்கு விட்டு மேலே செல்கிறேன்.

இவ்விடத்து நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாதல் வேண்டும். இவ்வினா வெறும் வம்பிலிருந்து பிறந்ததன்று. எங்கள் பெற்றோரின் இளமையும் எங்கள் குழந்தைப் பருவமும் போருக்குள் கழிந்தவை. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். மாலைப்பொழுதைக் கழிக்கக் கடலோரம் சென்ற பிள்ளைகள் அவர்கள். அதன் பின்னர் எமது ஊரில் எந்தத் தாய் "எங்க போறாய், எப்ப வருவாய்" என்று கேளாதிருப்பாள்? வெளியே சென்றவர் எவ்வழியாற் சென்றார் என்பது, அவர் திரும்பாதபோது எங்கே தேடுவது என்பதற்கான ஒரே தடயமாக இருந்த காலம் அது. 2009இல் போர் முடிந்தது, வினா முடியவில்லை. அச்சத்திற் பிறந்த வழக்கம், அச்சம் நீங்கிய பின்னரும் அன்பின் ஆடையை உடுத்துத் திரிகிறது. சில வேளை அது மெய்யாகவே அன்பாக இருப்பதுதான் எம்மைத் தடுமாறச் செய்கிறது.

இனி என் தவற்றைக் கூறுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பொங்கல் விடுமுறைக்காக ஊர் திரும்பியபோது, தோழியரோடு இரவு பஸ்ஸில் வருவதாக அம்மாவுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். உண்மையில் இரவுப் புகையிரதத்தில் ஓரிடம் முன்பதிவு செய்துகொண்டு தனியாகவே புறப்பட்டேன். காரணம் பெரிதன்று. நால்வர் கூடியிருக்கும் அறையில் மாதக்கணக்காக வாழ்பவளுக்கு, எவரும் எதுவும் கேளாத ஓர் இரவு வேண்டியிருந்தது. (இப்பயணத்தில் வேறெவரும் சம்பந்தப்படவில்லை என்று எழுத வந்த பேனாவை நிறுத்திக்கொள்கிறேன், அதனையும் சொல்லவேண்டும் என்று எண்ணுவதே அவ்வினாவுக்கு அடிபணிவதாகும்.)

அம்மாவிடம் ஏன் பொய் சொன்னேன்? பொய் அம்மாவை நோக்கியதன்று. வேலிக்கு அப்பால் வாழும் பெரியம்மாவை நோக்கியது. பெண்பிள்ளை இரவில் தனியாகக் கோச்சியில் வருவது அவருக்கு ஒவ்வாது. அதற்குக் கூடுதற் பணம் கொடுப்பது அதனினும் ஒவ்வாது. அம்மாவுக்கோ பொய் சொல்லத் தெரியாது. வேலியருகே பெரியம்மா கேட்டால், ஒன்றில் உண்மையைச் சொல்லிவிடுவார். அன்றேல் எனக்காகத் தடுமாறிப் பொய் சொல்லி இரவெல்லாம் வருந்துவார். ஆகவே அம்மாவையும் ஏமாற்றுவதே அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று கருதினேன். எத்துணை அழகான நியாயம்!

அன்றிரவு கல் ஓயாவுக்கு அப்பால் யானைகள் தண்டவாளத்தருகே நின்றமையால் வண்டி நெடுநேரம் காட்டிடையே நின்றது. என் கைத்தொலைபேசியும் உயிரிழந்தது. வரவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும் அப்பா விடியுமுன்னரே சைக்கிளில் பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். நான் சொன்ன பஸ் உரிய நேரத்தில் வந்தது, நான் இல்லை. நடத்துநரிடம் கேட்டார். அடுத்த பஸ்ஸிலும் பார்த்தார். எட்டு மணிக்கு நான் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா திண்ணையில் அழுதுகொண்டிருந்தார்; ஒழுங்கை முழுவதும் எங்கள் முற்றத்தில் நின்றது. பெரியம்மா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, "கோச்சியிலயோ வந்தனீ? ஆரோட?" என்றார். எவரிடமிருந்து மறைக்க முயன்றேனோ அவருக்கு ஒரு துன்பமும் நேரவில்லை. துன்பமெல்லாம், மறைக்க வேண்டிய தேவையே இல்லாத இருவர் மீது விழுந்தது.

அப்பா அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள், பொங்கற் பானையைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "எதில வாறாய் எண்டு சொல்லாட்டியும் பரவாயில்லை பிள்ளை. நான் எங்க வந்து நிக்கோணும் எண்டதை மட்டும் சொல்லு" என்றார்.

இந்நிகழ்ச்சிக்குச் சில மாதங்களின் பின்னர் வகுப்பில் கான்ற் என்னும் ஜேர்மனியத் தத்துவஞானியின் 1797ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைப் படித்தோம். கொலைகாரன் ஒருவன் வந்து உன் நண்பன் வீட்டினுள் இருக்கின்றானா என்று கேட்டால் அவனிடமும் பொய் சொல்லலாகாது என்று வாதிடும் பெயர்பெற்ற கட்டுரை அது. உண்மையைப் பெறும் உரிமை உடையவருக்கே உண்மை சொல்லும் கடமை உண்டு என்று வாதிட்ட பிரான்சியர் பெஞ்சமின் கொன்ஸ்ரன்ற்றுக்கு மறுப்பாக எழுதப்பட்டது. மாணவர் பெரும்பாலோர் போல நானும் கொன்ஸ்ரன்ற்றின் பக்கமே நின்றேன். இன்றும் பெரும்பாலும் அப்படியே. ஆயினும் கான்ற் கூறும் ஒரு சிறு நியாயம் என்னைக் குத்திற்று. நண்பன் வீட்டில் இல்லை என்று நீ பொய் சொல்கிறாய். அவனோ நீ அறியாமல் வெளியே சென்றுவிட்டான். திரும்பிப் போகும் கொலைகாரன் அவனைத் தெருவிற் காண்கிறான். அப்போது விளைவுக்கு நீயே பொறுப்பு என்கிறார் கான்ற். உண்மையைச் சொன்னவன், பின்னர் நிகழ்வதைத் தானே வகுத்தவன் அல்லன். பொய் சொன்னவனோ உலகத்தை ஒருமுறை தன் கையாற் படைத்துவிடுகிறான். அவ்வுலகில் யானை வராது, வண்டி தாமதியாது, தந்தை பஸ் நிலையத்துக்குப் போகார். அவ்வாறெல்லாம் நடக்கும்போது அதற்கு விடையிறுக்க வேண்டியவன் அவனே. கொலைகாரனைப் பொறுத்தவரை கான்ற் தவறியிருக்கலாம். அப்பாவின் சைக்கிளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே.

பொய் வேண்டாம், மௌனமாக இரு என்று அறிவுரை கூறுதல் எளிது. மௌனத்துக்கும் பொய்க்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை நானும் ஒப்புகிறேன். ஆயின் எமது ஒழுங்கையில் "சொல்ல விருப்பமில்லை" என்னும் விடை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். மௌனம் தண்டிக்கப்படாத இடத்திலேதான் மௌனம் ஓர் அறமாக இருக்க இயலும். வாய்மூடி இருப்பதை ஒருவர்க்கு இயலாததாக்கிவிட்டு, அவர் பொய் சொன்னார் என்று குறைகூறுபவர், அப்பொய்யிற் சிறு பங்காளியாவது ஆவார். என் பங்கைக் குறைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை; பெரியம்மாவின் பங்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை.

சட்டம் இங்கே உதவாது. தனித்திருக்கும் உரிமை பற்றி வாரன், பிரண்டைஸ் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் இருவர் 1890இல் எழுதினர். 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் உறுப்புரை அந்தரங்கத்தில் தலையிடுதலைக் கண்டிக்கிறது. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டம் நிறைவேறியுள்ளது. இவையெல்லாம் அரசையும் பத்திரிகையையும் கம்பனியையும் நோக்கியவை. வேலியருகே நிற்கும் பெரியம்மாவை எந்த நீதிமன்றுக்கு அழைப்பது?

சட்டம் தராத தெளிவை எமது அகப்பொருள் மரபு தருகிறது என்பது என் துணிபு. ஊரார் வாய்ச்சொல்லுக்கு அம்மரபு இரண்டு பெயர்களை வைத்திருக்கிறது. வெளிப்படாமல் முணுமுணுக்கப்படுவது அம்பல். வெளிப்படப் பரவுவது அலர். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதலையே தொல்காப்பியம் விலக்கிற்று. அந்தரங்கத்துக்கு இத்துணை மதிப்பளித்த மரபு, அனைத்தையும் அனைவரிடமும் மறை என்று கற்பிக்கவில்லை. களவு எப்போதாவது ஒருநாள் சொல்லப்படல் வேண்டும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என ஒரு முறைப்படி அது சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்லுதலுக்கு இலக்கணிகள் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். அலர் தூற்றும் பெண்டிர் இவ்வரிசையில் எங்கும் இல்லை என்பது நோக்கத்தக்கது. தலைவிக்காக எவர் வருந்துவரோ, எவர் செயற்பட வேண்டியிருக்குமோ, அவரே வரிசையில் உள்ளார். அறியும் ஆவலினால் அன்று, சுமக்கும் பொறுப்பினாலேயே அறியும் உரிமை பிறக்கிறது. அப்பா பொங்கற் பானையருகே நின்று கேட்டதும் இதனையே. இலக்கணம் அவர் படித்ததில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு பெரியம்மாவை எளிதில் வரிசைக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்று நான் மகிழ்ந்ததுண்டு. அதற்கும் ஒரு தடை உளது. என் முதலாம் ஆண்டில் அறை வாடகையின் பெரும்பகுதியைத் தந்தவர் அவரே. அவர் அதனை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை, நான் மறந்ததுமில்லை. பிறர் பணத்திற் செல்பவனின் வகுப்பு அவனுக்கு மட்டும் உரிய இரகசியம் ஆகுமா? மக்கள் பணத்திற் பயணம் செய்யும் அமைச்சர் எந்த வகுப்பிற் சென்றார் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு என்கிறோம். காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிற் சென்றதை மறைக்கவில்லை. அவ்வகுப்பின் அவலத்தை 1917இல் எழுதியே வெளியிட்டார். பொதுநலத்துக்காக மேற்கொண்ட பயணம் பொதுவில் இருத்தல் தகும். அப்படியாயின் வாடகை தந்த கைக்கு, மிச்சப்பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை சிறிதும் இல்லையா?

கொடை என்பது கொடுத்தவுடன் கையை விட்டுப் போவது. அதனைக் கொண்டு பிறர் வாழ்வில் ஒரு சாளரம் வாங்கிவிட இயலாது என்று வாதிடலாம். வாதத்தில் நான் வெல்வேன். ஆயினும் அவ்வருடம் நான் பயணம் செய்த அந்த இடத்தின் கட்டணம் மகாபொலப் பணத்திலிருந்து சென்றதா, பெரியம்மாவின் பணத்திலிருந்து சென்றதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரே கைப்பையிற் கிடந்த பணம் அது. ஆகவே யாரோடு வந்தாய் என்னும் வினாவுக்கு அவருக்கு உரிமையில்லை என்று உறுதியாகச் சொல்லும் நா, எந்த வகுப்பு என்னும் வினாவுக்கு அவ்வாறு சொல்லத் தயங்குகிறது.

இப்போது வாடகை என் பொறுப்பில். சென்ற விடுமுறைக்கு முன்னர் அப்பாவிடம் நாளையும் இறங்கும் இடத்தையும் மட்டும் சொன்னேன். புகையிரத நிலையத்து வாயிலில் சைக்கிளோடு நின்றார். வேலியருகே பெரியம்மா அம்மாவைக் கேட்டபோது, "அவளைத்தான் கேளுங்கோ அக்கா" என்றாராம் அம்மா. அது பொய்யுமன்று, காட்டிக்கொடுத்தலுமன்று. பெரியம்மா என்னைக் கேட்டார். கோச்சியில், தனியே என்றேன். எந்த வகுப்பு என்றார். சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.