யாருடைய கோப்பை

மோன்பெலியேயில் ஆய்வு செய்யும் தோழி விடுமுறையில் வந்தபோது ஒரு பாட்டில் சிவப்பு வைன் கொண்டுவந்தாள். தெற்குப் பிரான்சின் லாங்டாக் பகுதியினது. சிரா, கிரெனாஷ் என்ற திராட்சைகளில் செய்தது. மேட்டுப்பாளையத்தில் என் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பெண்கள் உட்கார்ந்தோம்.

அந்த ஊரில் இதற்கு ஆட்டுக்கறி, பூண்டு, ஆலிவ், வெள்ளைப் பீன்ஸோடு இறைச்சி சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் கசூலே என்று பரிமாறுவார்களாம். வைனில் உள்ள டானின் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு இறுகுகிறது. கறியின் புரதமும் கொழுப்பும் குறுக்கே வந்தால் அந்த இறுக்கம் தளரும். பாக்கு மென்றவர்களுக்கு இந்தத் துவர்ப்பு புதிதல்ல. மிளகாய்தான் ஒத்துவராது, மதுவின் எரிச்சலை அது கூட்டிவிடும். ஆகவே பள்ளிபாளையம் சிக்கனைக் கைவிட்டு, மல்லியும் சின்ன வெங்காயமும் பூண்டும் தூக்கலாக வெள்ளாட்டுக் கறி வைத்தேன். பூண்டு மண்டி இருக்கிற ஊரில் பூண்டுக்கா பஞ்சம்?

வீட்டு வேலையில் எனக்கு உதவும் அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் டீச்சர், இதுவும் சரக்குத்தானுங்களே?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரரின் கூலியில் பாதி டாஸ்மாக்குக்குப் போகிறது. மீதி வீட்டுக்கு வரும் நாட்களில் அடியும் சேர்ந்து வரும்.

எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் என்றால் உடனே வந்திருக்கும். யவனர் கலங்களில் வந்த மதுவை, வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஊற்றித்தர நீ அருந்தி மகிழ்வாயாக என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார், புறநானூற்றின் 56ஆம் பாட்டில். அந்த மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்திருக்கின்றன. ஊற்றிய பெண்களுக்கு ஒரு மிடறு கிடைத்ததா என்று பாட்டு சொல்வதில்லை. கப்பல் புறப்பட்ட பக்கத்தில், மனைவி வைன் குடித்தாள் என்று அடித்தே கொன்ற ஒருவனை ரோமுலஸ் விடுவித்ததாகப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். பழங்கதையாகவே இருக்கட்டும், அதை எதற்காகச் சொல்லி வந்தார்கள் என்பது விளங்காமல் இல்லை.

ஔவை மட்டும் தகடூரில், இன்றைய தருமபுரியில், அதியமானோடு கள் அருந்தினாள், கறி தின்றாள். அவன் இறந்தபின் அதை மறைக்காமல் பாடி அழுதாள். இந்த ஔவையை என் மாணவிகளுக்கு நடத்தும்போது எனக்குக் குரல் உயரும். ஆனால் அதே கொங்கு மண்ணில், 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நின்ற நாகம்மையையும் கண்ணம்மாளையும் நடத்தும்போதும் அதே அளவு உயரும். ஒருத்தி கோப்பையை எடுத்தாள், இருவர் கடையை மறித்தார்கள். மூவரையும் ஒரே மூச்சில் கொண்டாட எனக்கு உரிமை உண்டா?

உண்டு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். குடிப்பதோ மறுப்பதோ பெண்ணின் முடிவாக இருந்தால் போதும் என்பது என் வாதம். குடித்துவிடுவாளோ என்று காவல் வைத்துக் காப்பாற்றிய ஒழுக்கத்தில் அவளுக்கு என்ன பெருமை? இதை இப்போதும் நம்புகிறேன். அதில் ஓட்டை எங்கே என்றால், வாசலில் நின்ற அக்காவுக்கு மதுவைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வாய்த்ததில்லை. 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. என் மேசையில் வைன், கறி, பொருத்தம், ருசி. அவர் வீட்டில் குவார்ட்டர், ஊறுகாய். பெயரை மாற்றியது ருசி அல்ல, என் சம்பளம்.

"ஆமாங்க்கா, சரக்குதான்" என்றேன் கடைசியில்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். தோழி கொஞ்சம் ஊற்றி நீட்ட, முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "புளிச்ச வாசமுங்க. இதுக்கா இத்தன பாடு?" கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கறியை இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டு வாய் தின்றதும், மல்லியை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம் என்றார்.