மூன்று லட்சம் ஓடிய வண்டியின் மூச்சு

மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய மாருதி டீசல் டிசையரில் டர்போ போய்விட்டது என்று கொண்டுபோனால், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, உள்ளே சுழலும் நடுப்பகுதியான 'கோர்' என்பதை மாற்றி ரீகண்டிஷன் செய்வது. இன்னொன்று, "இம்புட்டு செலவழிக்கிறீக, இன்னுங் கொஞ்சம் போட்டுப் பெரிய டர்போவா மாட்டிருவோம்ணே, வண்டி பறக்கும்" என்பது. இரண்டாவது காதுக்கு இனிக்கும். குமாரலிங்கபுரம், திருச்சுழிப் பக்கம் ஒரே வண்டியை நம்பி இருப்பவர்கள் அதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததோடு மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஃபியட் உருவாக்கி, மாருதியும் டாடாவும் தங்கள் வண்டிகளில் வைத்துக்கொண்ட அந்த 1248 சிசி எஞ்சினுக்கு இணையாக, அதே விலையில், அதே மைலேஜில் இன்று கடையில் எதுவும் இல்லை. மானாவாரி மிளகாயையும் மல்லியையும் நம்பும் வீட்டில் பத்து லட்சத்துக்குப் புது வண்டி என்பது பேச்சுக்குக்கூட வராது. ராத்திரி பிரசவ வலி கண்டால் அருப்புக்கோட்டைக்கும், அங்கே முடியாதென்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் தெருவே எடுக்கும் வண்டி அது. பழுது பார்ப்பதா, மேம்படுத்துவதா என்ற கேள்வியை அந்த ராத்திரியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் எண்ணம் மோட்டார் காரைவிட மூத்தது. அமெரிக்காவில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் பின்னாளில் பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் ஆனது. நம் சாலைகளில் சூப்பர்சார்ஜர் அபூர்வம். பழைய பென்ஸ் கம்ப்ரெஸர் கார்கள் சிலவற்றில் உண்டு. இங்கே கேள்வி டர்போவைப் பற்றியது. 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது: வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும்; அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும்.

சிறிய காரின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். அவ்வளவு வேகத்தையும் தாங்குவது மயிரிழையைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். அதனால் டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. ஆயில் மாற்றுவதை இன்னும் இரண்டாயிரம் ஓடட்டும் என்று தள்ளிப்போட்டது, நான்குவழிச் சாலையில் நூறில் வந்து டீக்கடை வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பியது, கோடைப் புழுதியில் அடைத்த ஏர் ஃபில்டரைக் காற்றடித்தே ஓட்டியது, இவையெல்லாம் சேர்ந்துதான் அதைக் கொல்கின்றன. கழற்றிய கோரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காற்றிழுக்கும் சக்கரத்தின் இறக்கை முனைகள் அரித்திருந்தால் கரிசல் புழுதி உள்ளே போயிருக்கிறது. தண்டு வெந்து நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாட்டும் புது டர்போவும் அதே வழியில்தான் போகும். ஆயில் லைனில் கரி அடைத்திருந்தால் சில நாளிலேயே போகும்.

பெரிய டர்போ என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் இதே எஞ்சினின் 90 குதிரைத்திறன் வகைக்கு வந்த டர்போ. டிசையரில் இருந்தது 75. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் மூன்று லட்சம் ஓடிய ரிங்குகளும் பேரிங்குகளும் டைமிங் செயினும் பழைய அழுத்தத்துக்கே தேய்ந்து பழகியவை. கிழட்டு மாட்டோடு இளங்காளையை நுகத்தில் பூட்டினால் எந்தக் கழுத்து முறியும் என்பதை இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரையும் மாற்றி எழுத வேண்டும். அதைச் செய்பவர் பக்கத்தில் இருக்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எனவே பழைய அளவிலேயே ரீகண்டிஷன். அதையும் கண்ட இடத்தில் செய்யக் கூடாது. சக்கரமும் தண்டும் சேர்ந்து சுழலும்போது எடை ஒரு பக்கம் இம்மியளவு கூடினாலும் அந்த வேகத்தில் பேரிங்கைத் தின்றுவிடும். பேலன்சிங் மெஷின் வைத்திருக்கும் கடைக்கே அனுப்ப வேண்டும். அதற்காக வண்டி நாலு நாள் நின்றாலும் பரவாயில்லை. ஆயில் லைன் புதிது, ஃபில்டர்கள் புதிது, ஆயில் புதிது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஊற்றிவிட வேண்டும்.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவாமல் விடுவதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பழைய டர்போ கக்கிய ஆயில் அங்கே தேங்கியிருக்கும். அது எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி வெறிபிடித்து ஓடும். சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பானட்டைத் திறக்கப் போகாமல், பிரேக்கை முழுக்க மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். டீசல் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு யாரும் சொல்வதே இல்லை.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? தள்ளினால் ரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது உறுதியானால் டர்போவுக்கு மட்டும் போடும் காசு வீண். 2010இல் வாங்கிய வண்டி என்றால் பதிவின் பதினைந்து ஆண்டும் முடிந்திருக்கும். மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். எஞ்சின் வேலை, டர்போ வேலை, மறுபதிவு மூன்றும் சேர்ந்து வண்டியின் விலையைத் தொட்டுவிட்டால், அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அதே பணத்தில் குறைவாக ஓடிய பெட்ரோல் வண்டி ஒன்றைத் தேடுவதே சரி. புகை தள்ளவில்லை என்றால் தயங்காமல் கோரை மாற்றுங்கள்.