வெள்ளைப் பனியனும் கறுத்த முகமும்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் கப்பலேறும் முன் எத்தனை பேரிடம் குறை கேட்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முதலில் ஃபிட் சாம்பிள் போகும். ஐரோப்பாவில் எங்கோ ஒருவர் அதை டம்மிக்கு மாட்டிப் பார்ப்பார், மேசையில் விரித்து அளப்பார், பிறகு பதில் எழுதுவார். அந்தப் பதிலில் ‘அருமை’ என்ற சொல் இருக்காது, ‘பிடிக்கவில்லை’ என்பதும் இருக்காது. கழுத்து அகலம் அரை சென்டிமீட்டர் கூடுதல், கைக்குழி இறுகுகிறது, பின்பக்கம் தூக்குகிறது, ரிப்பை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள், அடுத்த சாம்பிளில் சரிசெய்து அனுப்பவும். அவ்வளவுதான். மெர்ச்சண்டைசர் இதைப் படித்து மனம் உடைவதில்லை. தாளை எடுத்துக்கொண்டு பேட்டர்ன் மாஸ்டரிடம் போகிறார். அதன்பின் சைஸ் செட், பி.பி. சாம்பிள் என்று படிப்படியாக இதே கதை. கடைசியில் பெட்டி கட்டும்போது இன்ஸ்பெக்‌ஷன். வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 என்ற தரக் கணக்குப்படி 3,000 பீஸ் லாட்டிலிருந்து 125 பீஸை உருவி எடுப்பார்கள். பெரிய குறை ஏழு பீஸ் வரை பாஸ். எட்டாவது கண்ணில் பட்டால் முழு லாட்டும் ஃபெயில்.

குறை சொல்வதையும் கேட்பதையும் இவ்வளவு கறாராகப் பழகிய ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்கும் என்று தோன்றவில்லை. இதே ஊரில் ஓர் இளைஞர், தான் எடுத்த முகப்படத்தை நாலு பேரிடம் காட்டட்டும். என்ன பதில் வரும்? ‘சூப்பருங்ணா.’ கொஞ்சம் நெருங்கியவர் என்றால், ‘மூஞ்சி கறுப்பா உளுந்திருச்சே, கொஞ்சம் கலராக்க முடியாதுங்ளா?’ இரண்டுமே அளவு நாடா வைக்காத பேச்சு. முதலாவதைக் கேட்டு அவர் மகிழலாம், இரண்டாவதைக் கேட்டு வாடலாம். அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்பது இரண்டிலும் இல்லை.

இத்தனைக்கும் அந்த இரண்டாவது பேச்சுக்குள் ஓர் உண்மையான குறை ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரில் இருப்பது எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக் கணக்குப் போடும். வெளுத்த பனியன் போட்ட ஒருவரை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால், சட்டத்தில் முக்கால் பங்கு வெள்ளை. ‘வெளிச்சம் அதிகம்’ என்று கேமரா முடிவுகட்டி எல்லாவற்றையும் இருட்டாக்கும். பனியன் சாம்பலாகும், மாநிறமான முகம் கரியாகும். நம் வெள்ளைத் துணியில் ஒளிரூட்டும் வேதிப்பொருள் வேறு ஏற்றியிருப்பதால் அது வெயிலில் நீலம் பாரித்துப் பளீரென்று அடிக்கும். ஆக, ‘முகம் கறுப்பு’ என்பது முகத்தின் குறையே அல்ல. முகத்தில் ஒளியை அளந்திருக்க வேண்டும், அல்லது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டியிருக்க வேண்டும், அல்லது அவரைச் சுவரிலிருந்து தள்ளி ஜன்னலோரம் உட்காரவைத்திருக்க வேண்டும். இப்படிச் சொன்னால் எடுத்தவர் மறுநாளே திருத்திக்கொள்வார்.

பனியன் கம்பெனிக்குள் எடுத்த படங்களில் இன்னொன்றைப் பார்க்கலாம். தலைக்கு மேலே நேராக டியூப்லைட். கண் இரண்டும் குழிக்குள் போயிருக்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், இருபது வயதுப் பெண் நாற்பதாகத் தெரிவாள். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டாலே போதும், அது கீழிருந்து ஒளியைத் திருப்பித் தரும். துணிக்கா இந்த ஊரில் பஞ்சம்? செல்போனை ஒரு முழ தூரத்தில் நீட்டி எடுப்பதால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கிவிடுகிறது. இரண்டு அடி பின்னால் நகர்ந்தால் முகம் முகமாக இருக்கும். இவை பரம ரகசியங்கள் அல்ல. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படத்தில் இந்த இடம் என்று ஒருவர் தொட்டுக் காட்ட வேண்டும். செக்கிங் பகுதியில் டேமேஜ் இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

சாயப்பட்டறைக்குப் போனால் விஷயம் இன்னும் சங்கடமாகிறது. அங்கே லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் துணியின் நிறத்தைப் பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் காலை வாரும் என்பது அவர்களுக்குத் தெரியும். லேப் டிப் என்ற நிற மாதிரி மூன்று அனுப்புவார்கள். ‘கொஞ்சம் சிவப்பு கூடுதல், இன்னும் ஆழம் வேண்டும்’ என்று பதில் வந்தால் மறுபடி முக்குவார்கள். ஷேடு மாறினால் அந்தத் துணியை எந்த பையரும் ஏற்கமாட்டார். அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டி வந்தால் ஃப்ளெக்ஸ் பேனர். கல்யாண மாப்பிள்ளை, காதுகுத்துக் குழந்தை, கட்சிப் பிரமுகர், கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் என எல்லாருக்கும் ஒரே ரோஜா நிறம். அந்தப் பெரியவரின் சொந்தப் பிள்ளைகளே அந்த ஷேடுக்கு அப்ரூவல் கொடுத்திருக்கிறார்கள். கால் ஷேடு மாறிய துணியைத் திருப்பி அனுப்பும் ஊர், அப்பாவின் முகம் நாலு ஷேடு மாறியதை மாலை போட்டு ஏற்றுக்கொள்கிறது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கோடாக் கம்பெனி 1950களிலிருந்து, படம் அச்சிடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் இருளில் அமிழ்ந்ததைப் பற்றித் தாய்மார்கள் பள்ளிப் படங்களைப் பார்த்து முணுமுணுத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. பிறகு மர அறைகலன் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் புகார் சொன்னார்கள்: எங்கள் மரத்தின் ரேகை தெரியவில்லை, கறுப்புச் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. அதன்பின் ஃபிலிம் மேம்பட்டது. கனடாவின் லோர்னா ராத் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனித முகத்துக்காகக் கிடைக்காத காது சாக்லேட்டுக்குக் கிடைத்தது. திருப்பூர்க்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆர்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது குறை, மற்றவர் சொல்வது புலம்பல்.

இதே கணக்கு படம் பிடிப்பவர்களின் உலகத்துக்குள்ளும் உண்டு. 1930களில் அமெரிக்க அரசின் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகப் பல புகைப்படக் கலைஞர்கள் நாடெங்கும் போய் ஏழை விவசாயிகளைப் படம் எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். தனக்குப் பிடிக்காத 35 மி.மீ. நெகட்டிவில் அவர் காகிதம் துளைக்கும் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். அந்த நெகட்டிவ்கள் இன்றும் வாஷிங்டனில் இருக்கின்றன. சிலவற்றில் மனிதரின் முகத்தின் மேலேயே கறுப்பு வட்டம். ஏன் ஓட்டை விழுந்தது என்பதைப் படத்தைப் பார்த்து இன்று யாரும் சொல்ல முடியாது. எடுத்தவருக்கும் அது எதையும் கற்பித்திருக்காது.

அந்தக் குழுவில் இருந்த டாரதியா லாங்கே 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், கூடாரத்தில் குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘மைக்ரன்ட் மதர்’ என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் படம். கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. லாங்கேவுக்கு அது உறுத்த, பின்னாளில் நெகட்டிவில் அதை மங்கச் செய்தார்கள். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பற்றி இன்றுவரை புகைப்பட வகுப்புகளில் வாதம் நடக்கிறது. ஆனால் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று லாங்கேவே பின்னர் எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் வெளியில் தெரியவந்தது 1978இல், மொடெஸ்டோ என்ற ஊரின் செய்தித்தாள் மூலம். அப்போதுதான் அவருடைய கருத்தையும் முதல்முறையாக யாரோ கேட்டார்கள். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் எனக்கு ஒரு காசும் வரவில்லை, பெயரும் கேட்கவில்லை என்றார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதியதையும் குடும்பம் மறுத்தது. காரில் மாட்டியிருந்தவை தவிர விற்பதற்கு வேறு டயர் எங்களிடம் ஏது, அதே காரில்தானே கிளம்பிப் போனோம் என்றார் மகன். நாற்பத்திரண்டு ஆண்டுகள் தாமதித்து வந்த செக்கிங் ரிப்போர்ட்.

படம் மகத்தானதுதான், மறுப்பில்லை. ஆனால் முகப்படத்தின் மீது முதல் கருத்து யாருடையது என்ற கேள்விக்கு நடுவர்கள், ஆசிரியர்கள், தேர்ந்த கண்கள் என்று நாம் வரிசை போட்டு வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் படத்துக்குள் இருப்பவர் நிற்கவே இல்லை.

நம் பழைய ஸ்டுடியோக்களில் அவர் நின்றார். காசு கொடுப்பவர் அவரே என்பதால் நின்றார். நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கும் வேலைக்கே ஸ்டுடியோக்களில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லியும் குழுவினரும், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, அந்தக் காலத் தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். எப்படித் தெரிய விரும்பினோம் என்பதற்கான சாட்சியம் அது. வாடிக்கையாளர் சொன்ன திருத்தம் எல்லாம் நல்ல திருத்தம் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய ரோஜா நிறத்தின் தாத்தா அந்தப் பென்சில்தான்.

இன்னொரு பக்கம் சங்கங்கள். சென்னையில் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1850களிலேயே தொடங்கியது. படத்தைச் சுவரில் மாட்டி விவாதிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. போட்டிகளில் நடுவர்கள் ஒரு படத்துக்குச் சில வினாடிதான் தருகிறார்கள், மதிப்பெண் விழுகிறது, அடுத்த படம். ஏன் எட்டு, ஏன் ஐந்து என்று எழுதித் தருபவர் அபூர்வம். விளைவு, எதற்கு எட்டு விழுகிறது என்று ஊகித்து எல்லாரும் அதையே எடுக்கிறார்கள்: தலைப்பாகை, சுருக்கம், பீடிப்புகை, ஒரு கண்ணில் மட்டும் ஒளிப்பொட்டு. தான் எத்தனை பதக்கம் வென்றோம் என்று அந்தப் படங்களில் இருக்கும் தாத்தாவுக்குத் தெரியாது.

மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த பழனி குமார் வேறு வழியில் வந்தவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலாவதாகப் பெற்றவர். துப்புரவுத் தொழிலாளர்களையும் மீன் விற்கும் பெண்களையும் எடுத்த அவர், உழைக்கும் வீடுகளின் பிள்ளைகள் கையிலும் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். படத்துக்குள் இருப்பவர் வீட்டிலேயே படம் எடுப்பவரும் இருந்தால், கருத்து நாற்பத்திரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அன்றிரவு சோறு போடும்போதே வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வேலம்பாளையம் பக்கம் ஒரு யூனிட்டில் செக்கிங் அக்கா ஒருவரைப் படம் எடுத்தார். தையல் மிஷின் அருகே உட்கார்ந்த நிலை, ஜன்னல் ஒளி, கண்ணில் கச்சிதமான ஃபோகஸ். பார்த்த நாங்கள் எல்லாம் ‘பிரமாதம்’ என்றோம். பிரிண்ட் அந்த அக்கா கைக்குப் போனது. அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பீஸைத் திருப்புவதுபோல் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘ஏனுங்க தம்பி, எடது தோளு எறங்கிக் கெடக்குது பாருங்க. மிஷின்கிட்ட உக்காந்தா யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் நின்னுதான் வேலை செய்யறனுங்க. நிக்கவெச்சு எடுத்திருக்கலாமில்லைங்க.’

உண்மைதான். செக்கிங் மேசையில் நின்றே பொழுது கழிப்பவரை, படம் நன்றாக வரும் என்பதற்காகத் தம்பி பக்கத்து மிஷினில் உட்காரவைத்திருந்தார். ஒளியையும் ஃபோகஸையும் பார்த்த எங்கள் கண்ணுக்கு அந்தத் தோள் படவில்லை. இறங்கிய தோளை ‘உழைப்பின் களைப்பு’ என்று ஒருவர் புகழ்ந்துகூட இருந்தார். மறுவாரம் மேசையருகே நிற்கவைத்து எடுத்த படம் பார்வைக்கு முன்னதைவிடச் சாதாரணமானது. ஒளி அவ்வளவு மென்மையில்லை. ஆனால் அது அந்த அக்காவின் படம். முதல் படம் தையல்காரர் ஒருவரின் வேடம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளிலும் பையர்களின் வலைத்தளங்களிலும் நம் ஊர்ப் பெண்கள் மிஷின் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் நிறைய வருகின்றன. அவர்கள் தைத்த பனியனின் கழுத்து எத்தனை முறை அளக்கப்பட்டது என்பதற்குத் தாள் இருக்கிறது. அந்தச் சிரிப்பை யாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள் என்பதற்குத் தாள் இருந்தால் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு அப்படிச் சிரிக்கும் படமும் இல்லை. கேட் அருகே அடையாள அட்டைக்காக எடுத்த ஒரே படம், பாதிக் கண் மூடி.

திருப்பூரில் கேமரா வைத்திருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்த முகத்தைப் போட்டிக்கு அனுப்பும் முன், எங்களைப் போன்றவர்களிடம் காட்டும் முன், ஒரு பிரிண்ட் போடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். ‘நல்லாருக்குதுங்களா?’ என்று கேட்காதீர்கள், நல்லாருக்குது என்றுதான் சொல்வார். இதில் எதை மாற்றலாம் என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த படத்தை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எடுங்கள்.